புகைபோக்கி மேல் ஓர் உறுப்பினர்

குன்சான்,
நவம்பர் 2

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய யோங்தே அண்ணனுக்கு,

இங்கு நலம். அந்தக் காற்றில் தாங்களும் இயன்ற அளவு நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

ஆலைக் காவலர்கள் இன்று புதிய நிபந்தனைகள் விதித்தார்கள். தங்கள் கைபேசிக்கு மின்கலம் அனுப்பக் கூடாது. நண்பகலில் சாப்பாட்டுடன் ஏறும் கூடை, மாலை ஆறு மணிக்குத்தான் இறங்க வேண்டும். எழுத்து மூலம் ஆட்சேபித்துள்ளேன். ஏற்கப்படும் என்று உறுதி கூற இயலாது. ஆகவே இனி நாம் கூடை வழியாக எழுதிக்கொள்வோம்.

தங்களுக்கும் ஒரு வேலை ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பணிப் பங்கீட்டுக் கூட்டத்தில் வைத்தேன். வார்ப்புப் பிரிவை மூடி நம்மை வெளியேற்றியதை எதிர்த்து ஆலைப் புகைபோக்கி உச்சியில் அமர்ந்திருப்பவருக்கு வேறு பணி தேவையில்லை என்பது என் கருத்தாக இருந்தது. சமையல் பொறுப்பிலுள்ள ஓக்பூன் அக்கா ஒப்பவில்லை. "மேல ஒக்காந்து மேகத்தையா மேய்க்கிறாரு? கிம்ச்சி ஊறுகா போடுற மாசம், எனக்குக் கை பத்தல. பூண்டு உரிக்கட்டும்" என்றார். கயிறு இழுக்கும் தொக்சு, "உரிச்சத கூடையிலயே அனுப்பச் சொல்லுங்க. மேலேர்ந்து போட்டா என் மண்டைக்குச் சங்கம் பொறுப்பேக்காது" என்றான்.

தீர்மானம் நிறைவேறியது. சமையல் முறைப் பலகையில் தங்கள் பெயர் ஏறிவிட்டது. பூண்டு இத்துடன் வருகிறது.

தங்கள் தம்பி,
பியோன் சாங்கியூ
சட்டச் செயலாளர்

*

புகைபோக்கி மேல்,
நவம்பர் 6

தம்பி சாங்கியூ,

எனக்கு எழுதும்போதுமா சட்டச் செயலாளர்? சரி, இருக்கட்டும்.

பூண்டு உரித்து அனுப்பியிருக்கிறேன். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிறது, போட்டுக்கொண்டால் தோல் வரமாட்டேன் என்கிறது. ஆனால் பலகையில் பெயர் இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்தபின் நன்றாகத் தூங்கினேன். சம்மட்டி பிடித்த கை சும்மா இருந்தால், நான் உங்களோடு இருப்பதாகவே தோன்றவில்லை. கொடி கட்டிய கம்பம் மாதிரி இருந்தது.

இங்கிருந்து எல்லாம் தெரிகிறது. கிழக்கு ஓரப் போராட்டக் கூடாரத்தைப் பிரித்துவிட்டீர்கள். நேற்று மதியம் கயிறு பிடித்தவனும் தொக்சு, மாலையும் தொக்சு, இன்றும் தொக்சு. மற்றவர்கள் முறை என்ன ஆயிற்று? ஓக்பூன் அக்கா தனியாக அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு போனார். மேலிருந்து கத்தினேன், காற்றில் கேட்டிருக்காது.

மறைக்காமல் எழுது.

யோங்தே

*

குன்சான்,
நவம்பர் 13

அன்பிற்குரிய அண்ணனுக்கு,

தாங்கள் கேட்டபடி மறைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு வாரமும் சிலர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போராட்டத்தை விட்டுப் போகிறார்கள். சிலர் கேட்காமலே போகிறார்கள். எஞ்சியவர்கள் இரண்டு முறைகளைச் சேர்த்துப் பார்க்கிறோம். சோறு வடிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம். நேற்று அடிப்பிடித்துவிட்டது. "சட்டம் படிச்சவரு வடிச்சா சோறுகூட மேல்முறையீட்டுக்குப் போகுது" என்றார் அக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நிர்வாகம் ஓர் உடன்படிக்கை வரைவை அளித்துள்ளது. போராட்டத்தில் உள்ள அனைவரும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுவார்கள். நான்காம் பிரிவு மட்டும் பின்வருமாறு உள்ளது: "புகைபோக்கியில் உள்ளவரின் மறுநியமனம் பின்னர் தனியே பேசித் தீர்க்கப்படும்." இதன் பொருளைத் தாங்கள் என்னிடம் கேட்பீர்கள். இவ்வாசகம் நிர்வாகத்தின்மீது எந்தக் கடமையையும் சுமத்தவில்லை. தங்களை எடுத்துக்கொள்ளும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்றே கருதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. தேர்தல் அலுவலர் நான். சங்க விதிப்படி வாக்குச்சீட்டு அன்றுதான் வழங்கப்படும். பெட்டி மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். சமநிலை ஏற்பட்டால் வரைவு தோற்றதாகும். தங்கள் சீட்டு நண்பகல் கூடையில் வரும்.

தங்கள் தம்பி,
சாங்கியூ

*

புகைபோக்கி மேல்,
நவம்பர் 14

தம்பி,

நான்காம் பிரிவைப் படித்தேன். பிறகு சாப்பிட்டேன். பிறகு மறுபடி படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பனியில் கிடந்த இரும்பைத் தொட்டால் முதலில் சுடும், அப்புறம் ஒன்றும் தெரியாதே, அப்படி இருக்கிறது.

யார் என்ன போட்டார்கள் என்று ஒருநாளும் கேட்கமாட்டேன். எல்லாருக்கும் வீடு இருக்கிறது. தொக்சுவிடம் இதைச் சொல். பாவம், இரண்டு நாளாக அண்ணாந்து பார்க்காமலே கயிற்றை இழுக்கிறான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடிவு எதுவானாலும் என்னையும் சேர்த்து எண்ணு. வேலை போனாலும் போகட்டும், கடைசி நாள்வரை உங்களில் ஒருவனாக இருந்தேன் என்று இருக்க வேண்டும். அது போதும்.

யோங்தே

*

குன்சான்,
நவம்பர் 16

அன்பிற்குரிய அண்ணனுக்கு,

வரைவு ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஏற்கப்பட்டது. வியாழக்கிழமை ஆலைக்குள் செல்கிறோம்.

இதன்பின் எழுத வேண்டியதை எவ்வாறு எழுதுவது என்று தெரியாததால் நடந்த வரிசையில் எழுதுகிறேன். ஐந்து மணிக்குப் பெட்டியை மூடினேன். ஆறு மணிக் கூடையில் தங்கள் சீட்டு ஒட்டிய உறையில் இறங்கியது. அப்போது எண்ணி முடித்திருந்தோம். தங்கள் வாக்கு எதிர்வாக்காக இருந்தால் சமநிலை ஏற்பட்டு வரைவு தோற்கும் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்தது. நேரம் கடந்து வந்த வாக்கு செல்லாது என்ற விதியைப் படித்துக் காட்டி, உறையைப் பிரிக்கக் கூடாதென்று தீர்ப்பளித்தேன்.

ஓக்பூன் அக்கா எழுந்தார். "கூடை ஆறு மணிக்குத்தான் எறங்கும்னு ஒனக்குத் தெரியாதா? அஞ்சு மணிக்குப் பெட்டிய மூடுனா அந்த மனுசன் என்ன பறந்தா வருவாரு?"

"விதியில அஞ்சு மணின்னுதான் இருக்கு, அக்கா."

"விதியாய்யா அங்க குளிர்ல ஒக்காந்திருக்கு?"

எவரும் அவருக்குத் துணையாகப் பேசவில்லை. தொக்சு மட்டும் தரையைப் பார்த்தபடி, "சாங்கியூ அண்ணன் சொன்னா சட்டம் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அனைவரும் என்னிடமிருந்து எதிர்பார்த்தது அந்தத் தீர்ப்பைத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

பெட்டியை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைக்கும் அதிகாரம் தேர்தல் அலுவலருக்கு உண்டு. முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனதா, தோன்ற விடவில்லையா என்பதைப் பற்றி என்னால் சாட்சியம் அளிக்க இயலாது.

சாங்கியூ

*

புகைபோக்கி மேல்,
நவம்பர் 17

தம்பி சாங்கியூவுக்கு,

நாளை காலை இறங்குகிறேன். அடியில் காவல்துறை வண்டி நிற்கிறது, பார்த்தேன். நீங்கள் யாரும் அங்கே வந்து நிற்க வேண்டாம். பார்த்தவர்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவார்கள். வியாழக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கிறது.

அந்த உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. நான் "ஏற்கிறேன்" என்றுதான் குத்தினேன்.

மேலிருந்து நான் பார்த்தது வேறு யாரும் பார்க்காதது. நாலு பேர் வேலையை ஒருவர் செய்கிறார். அக்கா நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். இன்னும் ஒரு மாதம் போனால் கூடாரமும் இருக்காது, ஆளும் இருக்காது. யாராவது ஒருவர் வெளியே நின்றுதான் ஆக வேண்டும் என்றால், இந்த முறை என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்துக் குத்தினேன். என் கையால் உங்களை உள்ளே அனுப்பியதாக இருக்க வேண்டும் என்று ஆசை.

நீ விதிப்படி செய்தாய். குறை சொல்லவில்லை. ஆனால் என் வாக்கோடு போயிருக்க வேண்டிய நீங்கள் நான் இல்லாமல் போகிறீர்கள். எனக்குப் பயந்து பெட்டியை மூடினீர்கள்.

வேறு ஒன்றுமில்லை. அக்காவின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

மா யோங்தே

*

குன்சான்,
மார்ச் 9

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய யோங்தே அண்ணனுக்கு,

தாங்கள் விடுதலையாகி மொக்போவில் மைத்துனர் வீட்டில் இருப்பதாக அறிந்து இம்முகவரிக்கு எழுதுகிறேன். டிசம்பரிலும் சனவரியிலும் சிறை முகவரிக்கு எழுதியிருந்தேன்.

ஆலை ஓடுகிறது. தொக்சு பண்டகசாலைக்கு மாற்றப்பட்டுள்ளான். ஓக்பூன் அக்கா பிப்ரவரியில் விலகிவிட்டார். உணவறையில் என் எதிரே அமர்வதை அதற்கு முன்பே விட்டிருந்தார். நான்காம் பிரிவின் கீழ் பேச்சுவார்த்தை கோரி நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதியுள்ளேன். பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்தது. தொடர்ந்து எழுதுவேன்.

தேர்தல் விதியைத் திருத்த முன்மொழிந்தேன். பணியிடத்தை விட்டு வர இயலாத உறுப்பினரின் வாக்கு வந்து சேரும்வரை பெட்டியை மூடக் கூடாது என்பது திருத்தம். எதிர்ப்பின்றி நிறைவேறியது. கை தூக்கும்போது எவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. இத்திருத்தம் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வராது.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதற்குரிய சொல்லை மூன்று மாதத்துக்கும் மேலாகத் தேடியும் எனக்குள் எதுவும் அசையவில்லை. தாங்கள் எங்களில் ஒருவர் என்று மட்டும் எழுத விரும்பினேன். இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது ஐயத்திற்குரியது.

முந்தைய இரு கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆயினும் அவை திரும்பி வரவுமில்லை. திரும்பாத கடிதம் உரியவரிடம் சேர்ந்தது என்றே சட்டம் கொள்ளும். நானும் அவ்வாறே கொள்கிறேன்.

தங்கள்
பியோன் சாங்கியூ