ஏழு ஷீட்டைத் துளைத்த பல்

காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. லூனாஸ் கடைத்தெருவில் வாங்கிய நாளிதழில் உன் பல்லைப் போட்டிருக்கிறார்கள். உன்னுடையதே அல்ல, அதே வகை. உள்ளங்கையை நிறைக்கும் முக்கோணம், ஓரமெல்லாம் அரம். ஆதிகாலப் பெருஞ்சுறாவின் பல்லாம். அது கடித்தால் எவ்வளவு பலம் என்று அரைப்பக்கம் எழுதியிருக்கிறார்கள். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் எழுந்துபோய் அலமாரியிலிருந்த தைல டப்பாவைத் திறந்து பார்த்தேன். நீ விட்டுப்போன பல்லின் நுனி அதில்தான் இருக்கிறது.

உன் அப்பா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாளில் ஜாவாக்காரக் கப்பலாள் ஒருவன் கொடுத்த பல் அது. இடி விழுந்த இடத்துக் கல் என்றார்கள் நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளின் ஆட்கள். நீ மட்டும் மீனின் பல் என்றாய். அதில் எனக்கு மறுப்பில்லை. நீ அதோடு நிறுத்தவில்லை.

"இது கடிச்சா கித்தா மூட்டையே ரெண்டாப் போயிரும் லா!"

"தாடை எங்கடா? தாடை இல்லாத பல்லு வெறும் ஆணி. சுத்தியல் இல்லாம ஆணி என்னா செய்யும்?"

"ஒனக்குப் பொறாமை. ஒங்கப்பன் ஒனக்கு மூக்கை மட்டுந்தானே குடுத்துட்டுப் போனாரு."

ஜப்பான்காரன் வந்தபின் கித்தா ரப்பரை ஏற்றக் கப்பல் வரவில்லை. புகை போட்ட ஷீட்டுகள் ஸ்டோரில் கூரைவரை தேங்கின. நாம் இருவரும் கைப்பிடி சுற்றி மூட்டை அமுக்கும் இயந்திரம் சும்மா நின்றது. மேல் தகட்டின் அடியில் பல்லை நுனி கீழாகக் கம்பியால் கட்டினாய். கீழே ஷீட்டுகளை அடுக்கினோம். ஒன்று, இரண்டு, நான்கு. ஏழாவதும் துளைபட்டபோது நீ துள்ளிக் குதித்தாய்.

"ஏழு! பாத்தியா?"

"கடிச்சது மிசினு. ஒன் மீனு இல்லே."

உன் முகம் சுண்டியது. போதும், நிறுத்து என்றாய். நான் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஏழு ஷீட்டுக்குக் கீழே இரும்புத் தட்டு என்பது எனக்குத் தெரியும். டக்கென்று ஒரு சத்தம். நுனி உடைந்து என் காலடியில் விழுந்தது.

ஒன்பது நாள் நீ என்னோடு பேசவில்லை. அடுத்தடுத்த நிரையில் பாலுக்கு ரப்பர் மரம் சீவினோம். ஒரே பாத்தியில் மரவள்ளி பிடுங்கினோம். பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. உடைகிற பல்லுக்கு என்ன பெருமை என்று உன் காதில் விழும்படி சொன்னேன்.

பத்தாம் நாள், ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர்களை வாசித்தார். சயாமில் ரயில் பாதை போட, மூன்று மாத வேலை என்றார். உன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. லோரி உறுமிக்கொண்டு நின்றது. வீட்டுக்கு ஓடி, அன்று பொறுக்கி வைத்திருந்த நுனியை எடுத்துவந்து உன்னிடம் நீட்டினேன்.

"வச்சிரு. மூணு மாசத்துல வந்து பால் ஊத்தி ஒட்டிக்கிறேன். பெரிய துண்டு எங்கிட்டதான் இருக்கு" என்று மடியைத் தட்டிக் காட்டினாய்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"கடிச்சது மிசினுதான். ஞாபகம் வச்சுக்க."

"வந்து பேசிக்கலாம் லா!" லோரி நகர்ந்துவிட்டது.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் சிலர்தான். கோலா கெத்தில் ஊர் வரை போய் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். உன்னைக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்றுகூட ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்று கேட்காதே.

பிறகு யாரும் சொல்லித்தராமலே ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடல் பிராணிகளைப் பற்றிக் கிடைத்த தாளையெல்லாம் சேர்த்தேன். உன்னை ஜெயிக்கத்தான்.

இன்று ஜெயித்தேன். கடிக்கும் பலம் தாடைத் தசையில்தான் என்று அச்சில் போட்டிருக்கிறார்கள். ஆனால் சுறாவின் தாடை குருத்தெலும்பாம். அது அழிந்துபோகும், பெரும்பாலும் பல்தான் மிஞ்சுமாம். அதனால் அந்தப் பல்லின் அளவிலிருந்துதான் உடம்பையும் கணக்கிடுகிறார்கள். இப்போதுள்ள வெள்ளைச் சுறாவின் தாடையை அந்த உடம்புக்கு ஏற்றபடி பெருக்கிப் பார்க்கிறார்கள். வரும் பலம் ஒரு காரையே நசுக்குமாம்.

ஆக, பல்லைப் பார்த்தே கடியின் பலத்தைச் சொன்ன நீயும் பாதி சரி. பாதிதான். மீதியை நீ நேரில் வந்து பேசினால் ஒழிய நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதை எழுதுமுன் நான்காம் முறையும் டப்பாவைத் திறந்தேன். எடுத்துப் பிடித்ததில் நுனி விரலில் ஏறிவிட்டது. ரத்தம் நிற்க நேரமாயிற்று. தாடையும் இல்லை, மிசினும் இல்லை.