மைனஸ் மூன்று தூரம்

பிப்ரவரி 2, திங்கள்
ஆன்லைன் வீட்டுப்பாடத்தின் மூன்றாவது தொகுப்பைத் திறந்துவிட்டேன். முதலாமாண்டில் நூற்று எண்பது பேர். கணக்கு ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு எண். பார்த்து எழுத வழியில்லை. திருத்துவதும் கணினியே. பதினெட்டு வருஷம் சிவப்புப் பேனா பிடித்த கைக்கு ஓய்வு.

பிப்ரவரி 4, புதன்
வகுப்பே ‘சந்தேகம்’ என்று கூப்பிடும் பெண்ணிடமிருந்து மெயில். ஏழாவது கணக்கை நான்கு முறை போட்டும் தவறு என்கிறதாம். இன்னும் ஒரு வாய்ப்புதான் மிச்சமாம். கணக்கைத் திறந்துகூடப் பார்க்காமல், படிகளைச் சரிபார்க்கச் சொல்லிப் பதில் போட்டேன். எல்லோருக்கும் போடுகிற பதில்தான்.

பிப்ரவரி 5
சந்தேகம் வகுப்புக்கு வரவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்
கையில் பாட மாற்றப் படிவத்தோடு என் அறைக்கு வந்தாள். கணிதத்தை விடுகிறாளாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள், என் கையெழுத்து வேண்டும். ஏன் என்றேன்.

“கோட்டிலேர்ந்து புள்ளி எவ்வளவு தூரம்னு கேட்டிருந்தீங்க மேடம். மூணுன்னு போட்டேன், தப்பு. மூணு புள்ளி சைபர்னு போட்டேன், அதுவும் தப்பு. கடைசியா சும்மா மைனஸ் மூணுன்னு போட்டேன், பச்சை டிக் வந்துடுச்சு. தூரம் எப்படி மைனஸா இருக்கும்? இதுகூடப் புரியாதவ எதுக்கு இதைப் படிக்கணும்?”

அவள் கேட்டது சரி, தப்பு நான் ஏற்றிய விடையில்தான் இருக்க வேண்டும். படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வரச் சொன்னேன். அப்பவே சொல்லியிருக்கலாமே — ஏன் சொல்லல?

பிப்ரவரி 10
பார்த்துவிட்டேன். விடைச் சூத்திரத்தில், மைனஸை நீக்குகிற அந்த இரண்டு செங்குத்துக் கோடுகளைப் போட மறந்திருக்கிறேன். பிள்ளைகள் மறந்தால் அரை மார்க் பிடிக்கிறவள் நான்! மைனஸ் எண் விழுந்தது நாற்பத்தொரு பேருக்கு. நாற்பது பேர் எப்படியோ டிக் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

துறைத்தலைவரிடம் போனேன். “எல்லாருக்கும் முழு மார்க் போட்டுட்டு சத்தமில்லாம மாத்திடுங்க. நீங்களா போய் ஏன் மாட்டிக்கிறீங்க?” என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெட்கமா இல்ல எனக்கு?

பிப்ரவரி 11
படிவம் கேட்டு வந்தாள். கூட்டம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். கூட்டம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்
வகுப்பில் சொல்லிவிட்டேன். கோட்டையும் புள்ளியையும் பலகையில் வரைந்து, பக்கத்தில் கணினி கேட்ட விடையை எழுதி, தப்பு என்னுடையது என்றேன். பின்வரிசையில் சிரிப்பு. எனக்குத் தேவைதான்.

அவள் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு வந்தாள்.

“அப்ப நாலு தடவையும் நான்தான் சரியா, மேடம்?”

“நாலு தடவையும்.”

கையெழுத்துப் போட்டே படிவத்தை நீட்டினேன், முடிவு அவளுடையது. பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி
படிவம் வந்ததா என்று அலுவலக எழுத்தரிடம் மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இல்லை என்றார். நான்காவது முறை போகப் பயமாக இருந்தது. போகவில்லை.

பிப்ரவரி 18, புதன்
நான்காவது தொகுப்பில் பத்தாவது கணக்கின் விடை தவறு என்று சந்தேகத்திடமிருந்து மெயில். உட்கார்ந்து கையால் போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை. கணினி சரி, தப்பு அவளுடையது. அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒத்துக்கொள்வதாயில்லை. பையிலிருந்து ஒரு தாளை உருவி, பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக்காட்டி அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றாள். இடம் போதாமல் தாளைத் திருப்பினாள். என் கையெழுத்தின் மேலேயே அடுத்த வரியை எழுதினாள்.