பக்கம் 61

12-9-1987
வெள்ளிமலையில் எட்டு வருடம் சாமை விளைச்சலை அளந்து ஆராய்ச்சி இதழில் கட்டுரை எழுதியவன் நான். ஏழாம் வகுப்போடு நின்றவன். இதுவரை ஏழு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். கட்டுரை தொடங்குவது 16ஆம் பக்கம். ஆறு பேர் 61 என்று போட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் பட்டதாரிகள்!

14-9
கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் விஜயலட்சுமியிடம் காட்டினேன். “ஒருத்தர் தவறலாங்க. ஆறு பேரும் தனித்தனியா அதே நம்பரத் தப்பாப் போடறது லட்சத்துல ஒண்ணு கூட வராது. எல்லாரும் ஒரே எடத்துலேர்ந்து எடுத்திருக்காங்க அய்யா.”

நான் நினைத்ததுதான். ஆறு பேரில் முதலில் 61 என்று எழுதியவர் அரங்கநாதன். மற்ற ஐவரும் அவர் பட்டியலைக் காப்பியடித்திருக்கிறார்கள். அவரோ என் கட்டுரையைப் பார்த்ததே இல்லை.

“அத நான் சொல்லலீங்க. ஒரே எடம்னுதான் கணக்கு சொல்லுது. எந்த எடம்னு சொல்லாது.”

படித்தவர்கள் படித்தவர்களை விட்டுக்கொடுப்பார்களா?

16-9
ஆறு பெயரையும் போட்டு, ‘படிக்காமல் திருடியவர்கள்’ என்று கோயமுத்தூரிலுள்ள இதழாசிரியருக்கு எழுதினேன். இதை அச்சிட்டால் அவர்கள் தலைநிமிர முடியாது. மாலையில் தபாலில் சேர்த்தேன்.

“அவங்க பேரக் கெடுத்து இன்னா எடுத்தாரப் போறீங்க வூட்டுக்கு?” என்றாள் மனைவி குஞ்சம்மாள்.

“நியாயம்.”

“அத இன்னா கொழம்புலயா போடறது?”

17-9
இட ஒதுக்கீட்டு மறியல். சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டைக்கு பஸ் இல்லை, தபாலும் போகவில்லையாம்.

18-9
எல்லாத் தபாலுமா? என்னுடையது மட்டுமா?

19-9
இன்னும் சான்று சேர்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். என் கட்டுரையை மட்டும் தனியாக அச்சிட்ட படிகளில் இரண்டு மிச்சம். அச்சகத்தார் பக்க எண் இல்லாமல் கொடுத்தார்கள்; ஒவ்வொன்றிலும் நானே பேனாவால் எழுதி இருபத்தைந்து பேருக்கு அனுப்பினேன்.

இரண்டிலும் பக்கம் 61. என் கையெழுத்து.

அனுப்பியவர் பட்டியலும் இருக்கிறது. ஆறு பேரும் அதில் இருக்கிறார்கள். 16 என்று சரியாகப் போட்ட ஏழாமவர் இல்லை.

இன்னாடா பண்ணி வெச்சிருக்கே? உன் காயிதத்தக் கையில வெச்சிப் பாத்து எழுதினவங்கள — திருடன்னு —

21-9
தபால் பை இன்னும் கிளம்பவில்லை. தபால் நிலையத்தில் வீரமுத்து, “இன்னா பெரியவரே, போட்ட லெட்டரத் திருப்பிக் கேக்கறீங்க? மறியல் மட்டும் இல்லன்னா இந்நேரம் கோயமுத்தூர் சேந்திருக்கும்” என்றார்.

மனுவில் காரணம் எழுதவேண்டுமாம். ‘தபால் தாமதம்’ என்று எழுதினேன்.

“அது எங்க கொறைங்க. உங்க காரணத்தப் போடுங்க.”

அடித்துவிட்டு, ‘பக்க எண் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடிதத்தைக் கொடுத்தார்.

யாருடைய தவறு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.