பூனைக்காக நட்ட கண்டல்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

கச்சான் காற்று. வாய்க்குள் எல்லாம் மண். காலையில் ஆரையம்பதிக் களப்போரம். மரமில்லாத ஈர மணலில் புலிவண்டுகள் ஒரே ஓட்டம். அவற்றின் புழுக்கள் இருக்கும் குழிகள் புதிதாக நிறைய. தொப்பியை மறந்து மண்டை காய்ந்தது.

சுகந்திக்கும் எனக்கும் ஒரே கம்பஸ், ஒரே களப்பு. அவளுடைய ஆய்வுக்கு மீன்பிடிப் பூனை, என்னுடையதற்கு வண்டு. பூனை கமராவில் விழுந்துவிட்டது, வாயில் மீனோடு. முகநூல் முழுக்க அதுதான். அம்மா சோறு போடும்போது கேட்டா: "உன்ட பூச்சி எப்பகா அதில வரும்?"

ஓகஸ்ட் 5, செவ்வாய்

ஆய்வைப் பார்க்கும் சேர் கேட்ட ஒப்பீடு. இரண்டு பேரும் எழுத வேண்டும்.

வகுப்பு: பூ. முலையூட்டி, வ. பூச்சி.
வாழிடம்: பூ. கண்டல், சதுப்பு. வ. வெறும் மணல்.
நிலை: இரண்டும் அருகி வருபவை.

எழுத இடமில்லாதது: பூனைக்கு மீசை இருக்கிறது. என் வண்டும் வேட்டையாடித்தான் தின்கிறது, அதை யார் கண்டது. எனக்குப் பொறாமை. தேங்காய் வாங்க மறந்து அம்மாவிடம் ஏச்சும் கிடைத்தது.

ஓகஸ்ட் 8, வெள்ளி

நாளை சிரமதானமாம். பூனைக்காகக் கரையெல்லாம் கண்டல் நடப்போகிறார்கள். பெரியகல்லாற்றிலிருந்தும் ஆட்கள். பின்னேரம் சுகந்தி இரண்டு தரம் போன் எடுத்தாள். நான் தொடவில்லை. அவளுடைய புளுகைக் கேட்க எனக்கென்ன தலையெழுத்தா. காய்ச்சல் என்று ஒரு செய்தி போட்டுவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்தேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

என் மணல் முழுக்கக் கண்டல் கன்றுகள். வரிசை வரிசையாக, தடி கட்டி. சுற்றிலும் கால்தடம். குழிகள் மூடிப்போய்க் கிடந்தன. எங்கள் சனத்துக்கு ஒரு இடம் வெறுமையாகக் கிடந்தால் பொறுக்காது, எதையாவது நட்டுவிட வேண்டும். வலை காயப்போட்ட ஐயா ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "சும்மா கிடந்த இடம் புள்ள. இப்பதான் வடிவு."

சுகந்திக்குப் போன் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "உன்ட வண்டு எந்த இடத்தில இருக்கெண்டு கேக்கத்தான்கா அண்டைக்கு ரெண்டு தரம் எடுத்தன்."

போனை வைத்துவிட்டேன். சாப்பிடவும் மனமில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

காற்று அடங்கியிருக்கிறது. தெற்கு ஓரத்தில் சில குழிகள் திரும்பத் திறந்திருந்தன. ஒன்றில் புழுவின் தலை தெரிந்தது. அப்படியே மணலில் குந்திவிட்டேன்.

மத்தியானம் சுகந்தியின் செய்தி. கன்றுகளைக் கிளப்பிச் சேற்றுப் பக்கம் மாற்ற நாளைக்கு ஊரே வருகிறதாம், வண்டுக்காக. அவள் ஒரு வார்த்தை கேட்டாளாம், ஓம் என்றார்களாம்.

நான் கேட்டிருந்தால் அம்மாகூட வந்திருக்க மாட்டா.