தெரியாதவை மூன்று

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் யுவனேஸ்வரி எழுதுவது.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் தவற்றையும் மறைக்கப் போவதில்லை. போனில் சொன்னால் அம்மா பாதியில் வாங்கிக்கொண்டு, "ஒன்னுமில்லங்க" என்பார்.

ஒன்றும் இல்லாமல் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து அம்மா வெட்டும் தேயிலைக் கொழுந்தின் எடை மிகவும் குறைந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து கொழுந்து வெட்ட வர வேண்டாம் என்று கங்காணி குணாளன் சொல்லிவிட்டார். தன் கை ஓய்ந்துவிட்டதென்று அம்மாவே நம்பினார். அதைக் கேட்டுத்தான் ஜொகூர் லோரி வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றீர்கள்.

இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. நானும் தேயிலை மலைக்குப் போனேன். அம்மாவும் வேலம்மா அத்தையும் பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டினார்கள். கத்தரி வேகத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் அத்தை இரண்டு பெரிய மூட்டைகளை எடைக்குக் கொண்டுவந்தார். பாரம் தூக்கக் கூடாதென்பதால் அம்மாவுக்கு ஆறு சின்ன மூட்டைகள். எனக்கு அந்தத் தொங்கு தராசின் மேல் சந்தேகம் வந்தது. வெறும் தராசிலோ முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில்தான் நின்றது.

ஒவ்வொரு தடவையும் அது ஒரே அளவு எடையை விழுங்குகிறதென்று வைத்துக்கொண்டேன். அம்மாவின் இரண்டு மூட்டைகளைத் தனித்தனியே நிறுத்தேன்: ஒன்பது கிலோ, பதினொரு கிலோ. இரண்டு சமன்பாடு எழுதி விடை தேடினேன். அதுதான் என் தவறு. தெரியாதவை மூன்று: முதல் மூட்டை, இரண்டாம் மூட்டை, தராசு விழுங்குவது. மூன்றாவது சமன்பாடு வேண்டும். இரண்டையும் சேர்த்து மாட்டச் சொன்னேன்.

"தராசுக்கும் பரீட்ச வைக்கப் போறியா லா?" என்று கங்காணி சிரித்தார். ஆனாலும் மாட்டினார். இருபத்து மூன்று.

தனித்தனியாக நிறுத்ததைக் கூட்டினால் இருபதுதான் வருகிறது. அதில் தராசு இருமுறை விழுங்கியிருக்கிறது. சேர்த்து மாட்டியபோது ஒருமுறைதான். ஆகவே ஒரு தடவைக்கு மூன்று கிலோ. இன்று அத்தை இழந்தது ஆறு கிலோ, அம்மா இழந்தது பதினெட்டு.

கங்காணி நம்பவில்லை. தேநீருக்கு வைத்திருந்த இரண்டு கிலோ சீனியை மாட்டிப் பார்த்தார். முள் அசையவே இல்லை. மூடியைத் திறந்தார், பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வேண்டிய முள்ளை ஒரு சிறு ஆணி தடுத்து நிறுத்தியிருந்தது.

"புனிதாக்கா, திங்கக்கிழம வந்துருங்க. தராசுக்குத்தான் ஒடம்பு சரியில்ல" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே வேலையை விட வேண்டாம், அப்பா. ஆனால் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக விடுமுறை கேட்டுப் பாருங்கள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

எடைக் கொட்டகையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விளக்கை அணைக்கப் போகிறார்கள், இத்தோடு முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
யுவனேஸ்வரி