பெண்ணின் பெரியப்பா பரிமாறிய சாப்பாடு

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, துவைக்க வேண்டாம்.

நேற்றைய கல்யாணத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, பெண்ணின் பெரியப்பா சட்டைப்பையிலிருந்த சீப்பு. கேமரா தன் பக்கம் திரும்பினால் சீவிக்கொள்வார். போட்டோக்கார அண்ணன், லைட் பிடிக்கிற நான், வீடியோக்காரர்கள், பூ அலங்காரக்காரர் என்று நாங்கள் ஆறு பேர். "வேலைக்கு வந்தவங்க கடைசியில சாப்பிடுங்க" என்றுவிட்டார் பெரியப்பா. மூன்று மணிக்குச் செருப்பு வைக்கும் அறையில் வெறும் தட்டோடு உட்கார்ந்தோம். எனக்கு லேசாகத் தலை சுற்றியது, வேறொன்றுமில்லை.

அப்போது அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஓடிவந்தார். "நான் பரிமாறுற மாதிரி ஒண்ணு எடுப்பா, ஆல்பத்துக்கு!" ஒரு தட்டில் ஒரு கரண்டி போட்டார். படம் எடுத்ததும் பாத்திரத்தோடு கிளம்பினார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மகராசன்!

எனக்குத்தான் நாலு பேர் முன்னால் வாயே திறக்காதே. இருந்தும் லைட்டைச் சற்றுத் திருப்பி, "ஐயா, முகத்துல நிழல் விழுந்திருச்சு" என்றேன்.

"ஆமாங்கய்யா, மூஞ்சியே தெரியல" என்றார் அண்ணன்.

சீவிக்கொண்டு மறுபடி போட்டார். ஆறு தட்டும் நிறையும்வரை நிழல் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு லைட்டை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.