கயிறு பிடிக்கிறவன் முகம்

பொல்லாத என் மச்சான் மிக்கேலுக்கு,

நீ போய் ஆறு மாதமாகிறது. உன் டேப்லெட்டை என் தங்கை ரோஸ்லின் என்னிடம்தான் கொடுத்தாள். "அவுக பாதில விட்டத நீதாண்ணே முடிக்கணும்" என்றாள். கூடவே, "அவுக கைக்கு வராத படமே கிடையாது" என்று ஒரு பாட்டு. பதினைந்து வருடமாக நானும்தான் வரைகிறேன். என்னை ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருக்கிறாளா?

ஆமாம், பொறாமைதான். செத்தவன்மேல் என்னடா பொறாமை என்பார்கள். சொல்லட்டும். நான் ஒரு படகை நாலு தரம் அழித்து வரைவேன். நீ ஒரு கையில் டீயைப் பிடித்துக்கொண்டு இரண்டே கோட்டில் கடலைக் கொண்டுவந்துவிடுவாய். உன் பிரஷ், உன் பென், எல்லாம் நீ வைத்தபடியே இருக்கின்றன. என் கைக்கு வந்தால் என் கோடுதான் விழுகிறது. எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவர்களுக்கான பாதுகாப்பு அனிமேஷன் படம்தான் நீ பாதியில் விட்டது. அதன் ஸ்டோரிபோர்டைத் திறந்தேன். முதல் கட்டத்தில் கடலுக்குள் முங்குகிறவன் நீ. உன் சுருட்டை முடி. படகில் உட்கார்ந்து உன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிக்கிறவன் நான்! என் சப்பை மூக்கு, என் தொப்பை. அங்கேயும் நீ கதாநாயகன், நான் எடுபிடி. வந்ததே கோபம். நீ வரைந்த லேயரை அணைத்துவிட்டு, முங்குவதற்கு யாரோ ஒருவனையும் கயிறு பிடிக்க மீசை வைத்த ஒருவனையும் வரைந்தேன். கடைசியில் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டார்கள், மச்சான். சங்கு குளிக்கிறவர்களிடம் காட்டியபோது ஒரு பெரியவர், "கயிறு பிடிக்கது யாரு?" என்றார். "அவன் அண்ணன்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"ஏலே, அண்ணன்காரனா பிடிப்பான்? மச்சான்லா பிடிக்கணும். பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான், தங்கச்சி தாலி போயிருமேன்னு கைய விடமாட்டான்."

உங்கப்பா சங்கு குளித்தவர், உனக்குத் தெரியும். எங்கப்பா துறைமுக ஆபீசில் இருந்தவர், எனக்கு யார் சொன்னார்கள்? நீயாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே?

அங்கேயே உன் லேயரைப் போட்டேன். பெரியவர் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அட, இது நீதானடே!"

அழுதுவிட்டேன். நீ போன அன்றைக்கு ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மச்சான், வாயுதான்" என்றாய். வேலை அவசரத்தில் நானும் சரியென்று ஸ்கிரீன் பக்கம் திரும்பிவிட்டேன். கயிறு என் கையில் இருந்தது எனக்குத் தெரியவில்லையே.

உன் முடியும் என் மூக்கும் அப்படியே இருக்கும். உன் பெயர் முதலில், என் பெயர் கீழே. படத்தைப் பார்த்துவிட்டு ரோஸ்லின் உன்னைத்தான் புகழ்வாள். எனக்கு எரியத்தான் செய்யும். எரியட்டும். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி கையை விடமாட்டேன்.

உன் பொண்டாட்டிகூடப் பிறந்தவன்,
மச்சான் சூசை